தடுப்பூசி ரெக்கார்டை ஷேர் பண்ணா சுத்தமாகுமா, இல்ல குப்பைதான் கூடுமா?

ஃபைல்_மேய்ப்பன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க. நான் ஒரு கிளினிக் குரூப்புல டேட்டா பக்கம் வேலை பாக்குறேன், டாக்டர் நர்ஸ் எதுவும் கிடையாது. எங்க சாஃப்ட்வேர்ல இருக்குற தடுப்பூசி ரெக்கார்டை இம்யூனைசேஷன் ரிஜிஸ்ட்ரியோட (எல்லா எடத்துலயும் போட்ட ஊசி விவரத்தை ஒண்ணா சேத்து வைக்கிற பொதுப் பதிவேடு) கனெக்ட் பண்ணப் போறாங்க, நாங்க போடுற ஊசி விவரம் அங்க போகும், வேற எடத்துல போட்டது இங்க வரும். மேல இருக்கவங்க எல்லாம் "கனெக்ட் ஆயிட்டா ரெக்கார்டு தானா சரியாயிடும்"னு குஷியா இருக்காங்க. எனக்குத்தான் வயித்தக் கலக்குது.

ஏன்னா உள்ள தொறந்து பாத்தா நெலம அப்படி. ஒரு குழந்தைக்கு போலியோ மூணு டோஸ், மூணும் ஒரே தேதி. லாட் நம்பர் (ஊசி மருந்து தயாரான தொகுதியோட நம்பர்) கட்டத்துல "கார்டு பாத்து போட்டது"ன்னு ஒரு வரி. பொறக்குறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுக்கிட்ட புண்ணியவான்கள் கொஞ்சம் பேர். ஜனவரி 1ல பொறந்தவங்க மட்டும் மத்த நாளை விட பல மடங்கு. எந்த கம்பெனி எந்த வகைன்னு இல்லாம "இன்ஃப்ளூயன்சா, வகை குறிப்பிடல" மாதிரி பொதுக் கோடு (ஊசி வகையைக் காட்டுற குறியீடு) போட்டது ஏகத்துக்கும். இதை அப்படியே அனுப்பினா நம்ம குப்பை அங்க போகும், அவங்க குப்பை இங்க வரும், கடைசில யாரோட குப்பைன்னே தெரியாமப் போயிடும்.

ஷேர் பண்ணா நிஜமாவே தரம் ஏறுதா, ஏறினா எதனால ஏறுது? முதல்ல சுத்தம் பண்ணிட்டு கனெக்ட் பண்ணணுமா, இல்ல கனெக்ட் ஆனப்புறம் பாத்துக்கலாமா? வெளியிலேர்ந்து வர்ற டோஸை நேரா நம்ம சார்ட்ல (பேஷன்ட் ஃபைல்ல) ஏத்தலாமா, இல்ல யாராவது பாத்து ஓகே சொன்னப்புறம்தானா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க. ப்ரோஷர்ல இருக்குறதை மட்டும் சொல்லாதீங்க, அதைப் படிச்சாச்சு.

ஊசி_அக்கா:

தம்பி, நான் ஊசி போடுற ஆளு, உங்க கோடு கீடெல்லாம் தெரியாது, டேபிள்கிட்ட என்ன நடக்குதுன்னு வேணா சொல்றேன். தரம் ஏறுறது அனுப்புறதுனால இல்ல, திரும்பி வர்றதுனால. அனுப்ப மட்டும் செஞ்சிட்டிருந்த காலத்துல நாங்க என்ன டைப் பண்றோம்னு யாரும் திரும்பிப் பாக்கல, எங்களுக்கும் அது எங்க போகுதுன்னு அக்கறை இல்ல, கட்டம் நெறஞ்சா அடுத்த பேஷன்ட். ஊசி போடுறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையோட முழு ஹிஸ்டரி ஸ்க்ரீன்ல வர ஆரம்பிச்சப்புறம்தான் கதை மாறிச்சு. அம்மா கையில கார்டு, என் முன்னாடி ஸ்க்ரீன், ரெண்டும் ஒத்துப்போகலன்னா அங்கயே அப்பவே கேட்டுத் திருத்திடலாம். ஆறு மாசம் கழிச்சு ஆபீஸ்லேர்ந்து ஒரு எக்செல் ஷீட் அனுப்பி "இதை சரி பண்ணுங்க"ன்னா எந்தப் புள்ளைன்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் சொல்லுங்க.

அதிகமா மாட்டுறது பொறந்த அன்னிக்குப் போடுற ஹெபடைடிஸ் பி. அது பிரசவம் நடந்த ஆஸ்பத்திரில போடுவாங்க, அப்ப புள்ளைக்குப் பேரே இருக்காது, "பேபி ஆஃப் இன்னார்"னு அம்மா பேர்ல ஏறியிருக்கும். அப்புறம் பேர் வெச்சு எங்ககிட்ட வரும்போது புதுசா ஒரு ஃபைல் ஓப்பன் ஆகும். ஒரே புள்ளை, ரெண்டு ஆளு. ஒண்ணுல பொறந்தன்னிக்குப் போட்டது மட்டும், இன்னொண்ணுல அது மட்டும் மிஸ்ஸிங். பாக்குறவங்க திரும்ப ஒண்ணு போடுவாங்க. பெரும்பாலும் அதுனால ஆபத்து இல்லதான், ஆனா புள்ளைக்கு எதுக்கு வீணா ஒரு குத்து? டெட்டனஸ் சேர்ந்த ஊசியா இருந்தா, கிட்டக்கிட்ட போட்டா கை நல்லா வீங்கவும் செய்யும்.

இன்னொண்ணு, டிராப்டவுன்ல டிடேப்பும் டிடாப்பும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ரெண்டுமே டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கான ஊசி. டிடேப் ஏழு வயசுக்குக் கீழ, டிடாப் அதுக்கு மேல உள்ளவங்களுக்கு. அவசரத்துல விரல் தப்பினா நாப்பது வயசு ஆளுக்கு டிடேப் போட்டதா பதிவாகும். போட்டது சரியான ஊசி, எழுதினது தப்பு. வயசைப் பாத்து லிஸ்டையே சுருக்கிக் காட்டுற மாதிரி உங்க சாஃப்ட்வேர்காரங்ககிட்ட கேளுங்க, அது ஒண்ணே பாதித் தலைவலியைக் கொறைக்கும்.

இன்டர்ஃபேஸ்_மணி:

அக்கா சொன்னது முழுக்க சரி. நான் ஒயர் பக்கத்துக் கதையை சொல்றேன்.

ப்ரோ, நீங்க முதல்ல பாக்க வேண்டியது "போட்டது"க்கும் "கேள்விப்பட்டது"க்கும் உங்க சிஸ்டம் வித்தியாசம் காட்டுதான்னு. ஹெச்எல்7ங்கிறது மருத்துவ சிஸ்டங்க ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்புற பொது ஃபார்மட், அதோட வெர்ஷன் 2ல தடுப்பூசி அனுப்புற மெசேஜ் பேரு விஎக்ஸ்யூ. அதுல ஊசி விவரம் வர்ற வரி ஆர்எக்ஸ்ஏ, அதோட 9ஆவது கட்டத்துல 00ன்னு போட்டா "இதை நாங்களே இப்ப போட்டோம்", 01ன்னு போட்டா "பழைய தகவல், எங்கேர்ந்து வந்ததுன்னு குறிப்பிடல". எஃப்ஹெச்ஐஆர், அதான் ஃபயர், ஹெச்எல்7ஓட புது ஃபார்மட், அதோட ஆர்4 வெர்ஷன்ல இதே வேலையை ப்ரைமரி சோர்ஸ்னு ஒரு ஆமா-இல்ல ஃபீல்டு செய்யுது. நெறைய எடத்துல வென்டர், அதான் சாஃப்ட்வேர் குடுத்த கம்பெனி, எல்லாத்துக்கும் 00ன்னு ஹார்ட்கோடு பண்ணி (மாறாத மாதிரி எழுதி) வெச்சிருப்பான். அப்ப என்ன ஆகும்னா, நீங்க கார்டைப் பாத்து ஏத்தின பழைய டோஸ் எல்லாம் நீங்களே போட்டதா ரிஜிஸ்ட்ரிக்குப் போகும், உண்மையிலேயே போட்ட ஆஸ்பத்திரியும் அதே டோஸை அனுப்பியிருக்கும், தேதி ரெண்டு நாள் முன்னப்பின்ன இருந்தா ரிஜிஸ்ட்ரிக்கு அது ரெண்டு ஊசியாத்தான் தெரியும். உங்க "கார்டு பாத்து போட்டது" மேட்டர் இதுதான், அந்த வரி லாட் நம்பர் கட்டத்துல இருக்குறது அசிங்கம்தான், ஆனா அதை அழிச்சிடாதீங்க, எதெல்லாம் 01 ஆகணும்னு கண்டுபிடிக்க அதுதான் உங்களுக்கு இருக்குற ஒரே துப்பு.

ரெண்டாவது, அக்னாலட்ஜ்மென்ட். மெசேஜ் அனுப்பினா ரிஜிஸ்ட்ரி பதில் அனுப்பும், ஏஏன்னா ஏத்துக்கிட்டோம், ஏஇன்னா எரர் இருக்கு, ஏஆர்னா மெசேஜையே நிராகரிச்சிட்டோம். கனெக்ஷன் பச்சையா இருக்குன்னு எல்லாரும் கை தட்டிட்டுப் போயிடுவாங்க, உள்ள ஏஇ மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், தொறந்து பாக்க ஆளே இருக்காது. அதுல சில ஏஇ சும்மா எச்சரிக்கை, டோஸ் ஏறிடும், சிலது ஏறவே ஏறாது. யாரு தினமும் அந்த க்யூவைப் பாக்குறதுன்னு பேர் போட்டு முடிவு பண்ணாம கோ-லைவ், அதான் நிஜப் பயன்பாட்டுக்கு, போகாதீங்க.

லாட் நம்பருக்கு டைப் பண்றதை விட்டுட்டு ஸ்கேனர் வாங்கச் சொல்லுங்க. பாக்ஸ்ல இருக்குற சதுர பார்கோடு, ஜிஎஸ்1 டேட்டாமேட்ரிக்ஸ், அதுலயே 01க்கு அப்புறம் பொருளோட நம்பர், 17க்கு அப்புறம் எக்ஸ்பைரி, 10க்கு அப்புறம் லாட் எல்லாம் இருக்கு. கையால அடிச்சா ஓவும் சைபரும், ஐயும் ஒண்ணும் மாறிக்கிட்டே இருக்கும், ஒரு லாட்டைத் திரும்ப வாங்கணும்னு வந்தா யார் யாருக்குப் போச்சுன்னு தேடுறப்ப நாக்குத் தள்ளிடும். ஒரு சின்ன எச்சரிக்கை, எக்ஸ்பைரில வருஷம் மாசம் நாள்னு ஆறு இலக்கம் வரும், சில லேபிள்ல நாள் இடத்துல 00 இருக்கும், அதுக்கு அந்த மாசத்தோட கடைசி நாள்னு அர்த்தம். இதைப் புரிஞ்சுக்காத சாஃப்ட்வேர் தப்பான தேதின்னு தூக்கி எறிஞ்சிடும், அப்புறம் நர்ஸ் மறுபடி கையாலயே அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க.

சந்தேகப்_பிராணி:

எல்லாரும் ஆஹா ஓஹோன்னு போறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன். தனித்தனியா இருக்கும்போது ஒரு தப்பு ஒரு கிளினிக்கோட முடியும். ஷேர் பண்ணா அது எல்லா எடத்துக்கும் போய் உக்காந்துக்கும், அதுக்கப்புறம் "நாலு சிஸ்டத்துலயும் இப்படித்தான் இருக்கு, அப்ப சரியாத்தான் இருக்கும்"னு அதுக்கு ஒரு மரியாதையும் வந்துடும், நாலும் ஒரே எடத்துலேர்ந்து காப்பி ஆனதுன்னு யாருக்குத் தெரியும்? குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும்.

அதுலயும் டூப்ளிகேட்டை விட மோசம் தப்பா மெர்ஜ் ஆகுறது. ஒரே ஆளு ரெண்டா இருந்தா மிஞ்சிப்போனா ஒரு ஊசி கூடுதலாப் போகும். ரெண்டு ஆளு ஒண்ணாயிட்டா, போடாத அம்மை ஊசியைப் போட்டதா காட்டும். பரவுற நேரத்துல அந்தப் புள்ளைக்கு பாதுகாப்பு இல்லன்னே யாருக்கும் தெரியாது. ஆனா எல்லா மீட்டிங்லயும் டூப்ளிகேட் எத்தனை சதவீதம் கொறைச்சோம்னு மட்டும்தான் ஸ்லைடு போடுறாங்க, தப்பா எத்தனை சேத்தோம்னு ஒரு ஸ்லைடு நான் பாத்ததே இல்ல.

ப்ரைவசியும் ஒண்ணு இருக்கு. ஊசி போடுற எடத்துல இருக்கவங்க ஹிஸ்டரி பாக்கட்டும், பள்ளிக்கூடத்துக்கு ஆமா-இல்லன்னு ஒரு பதில் போதும், முழு லிஸ்ட் எதுக்கு? யாரு எதைத் தொறந்து பாத்தாங்கன்னு லாக் இருக்கணும், அந்த லாக்கை யாராவது பாக்கவும் செய்யணும். ஜனங்களுக்கு நம்பிக்கை போச்சுன்னா தப்பான ஃபோன் நம்பரும் அட்ரஸும் குடுப்பாங்க, அதுக்கப்புறம் எது யாரோட ரெக்கார்டுன்னு பொருத்துற எந்த மேட்சிங்கும் வேலைக்காகாது.

ஃபைல்_மேய்ப்பன்:

எல்லாருக்கும் நன்றி, நல்லா கலக்குறீங்க. மணி ப்ரோ, செக் பண்ணேன், எங்க சிஸ்டம்ல எல்லாத்துக்கும் 00தான் போகுது, நீங்க சொன்ன அதே கதை. வென்டர்கிட்ட டிக்கெட் போட்டாச்சு.

சந்தேகப்_பிராணி சொன்ன மெர்ஜ் மேட்டர்தான் இப்ப பயமா இருக்கு. மேட்சிங் எப்படி நடக்குதுன்னு யாராவது புரியுற மாதிரி சொல்ல முடியுமா? எங்ககிட்ட பேரு, பொறந்த தேதி, அட்ரஸ், ஃபோன் இருக்கு, அம்மா பேரு பாதிப் பேருக்குத்தான் இருக்கு. ஐடி நம்பர் எல்லாருக்கும் இல்ல.

எண்_கணக்கன்:

நான் பொது சுகாதார டேட்டா பக்கம் இருக்கேன், மேட்சிங்கோட தினமும் மல்லுக்கட்டுற ஆளு.

அடிப்படை ஐடியா ரொம்பப் பழசு, 1969ல ஃபெல்லகியும் சன்டரும் கணக்காப் போட்டுக் குடுத்தது. ஒவ்வொரு ஃபீல்டும் ஒத்துப்போனா இவ்வளவு மார்க், ஒத்துப்போகலன்னா இவ்வளவு கழிவு, கூட்டிப் பாத்து மேல் கோட்டுக்கு மேல போனா ஒரே ஆளு, கீழ் கோட்டுக்குக் கீழ போனா வேற ஆளு, நடுவுல இருக்குறதை மனுஷன் பாக்கணும். அபூர்வமான பேரு ஒத்துப்போனா மார்க் அதிகம், ஊர்ல பாதிப் பேருக்கு இருக்குற பேரு ஒத்துப்போனா கம்மி. இங்கதான் உங்க ஜனவரி 1 வில்லனாகுது. அது உண்மையான தேதி இல்ல, "தெரியாது"ங்கிறதுக்குப் போட்டு வெச்ச தேதி, ஆனா மெஷின் அதை உண்மையா ஒத்துப்போனதா நெனச்சு முழு மார்க் குடுக்கும். அதை மேட்சிங்ல எடை கம்மி பண்ணச் சொல்லணும், இல்லன்னா ஒரே மாதிரி பேர் உள்ள ரெண்டு ஜனவரி 1 ஆளுங்க ஒட்டிக்குவாங்க.

ரெட்டைப் புள்ளைங்க அடுத்த சோதனை. பொறந்த தேதி ஒண்ணு, அம்மா ஒண்ணு, அட்ரஸ் ஒண்ணு, ஃபோன் ஒண்ணு, பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், மார்க் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும். இதுக்காகவே ஹெச்எல்7ல ஆளோட விவரம் வர்ற பிஐடி வரியோட 24ஆவது கட்டத்துல ஒரே பிரசவத்துல ஒண்ணுக்கு மேலன்னு குறிக்கவும், 25ல எத்தனாவது புள்ளைன்னு போடவும் எடம் வெச்சிருக்காங்க. அதை நெரப்புறவங்களைத்தான் காணோம். ஃபைல் அண்ணே, உங்க சிஸ்டம்ல அந்த ரெண்டு கட்டம் இருக்கான்னு பாருங்க, இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல கட்டாயமாக்குங்க.

முதல்ல சுத்தமா முதல்ல கனெக்ஷனா கேட்டீங்கல்ல. ஆளை அடையாளம் காட்டுற ஃபீல்டு எல்லாம் முதல்ல சுத்தம், ஊசி விவரம் பெரும்பாலும் கனெக்ட் ஆனப்புறம். ஏன்னா பேரு, தேதி, அம்மா பேரு, ஃபோன் தப்பா இருந்தா தப்பான ஆளோட போய் ஒட்டும், அதைப் பிரிக்கிறது நரகம். ஊசில கோடு மொட்டையா இருக்கு, லாட் இல்லன்னா அதை ரிஜிஸ்ட்ரில வேற யாராவது முழுசா அனுப்பியிருக்க வாய்ப்பு இருக்கு, அதை வெச்சே உங்க ஓட்டையை அடைச்சுக்கலாம். பொறக்குறதுக்கு முன்னாடி போட்ட ஊசி, நாளைய தேதில போட்ட ஊசி, இதெல்லாம் மட்டும் கேட்லயே நிறுத்திடுங்க.

தரம் ஏறுதான்னா ஏறுது, அதை எங்க பாக்கலாம்னா கவரேஜ் கணக்குல, அதான் எத்தனை சதவீதம் பேருக்கு ஊசி போட்டாச்சுங்கிற கணக்குல. ஒரு புள்ளை ரெண்டு டோஸ் உங்ககிட்ட, மூணாவது வேற எடத்துல போட்டுக்கிச்சுன்னா ரெண்டு பேர் லிஸ்ட்லயும் அது பாக்கி வெச்ச புள்ளை, ரெண்டு பேரும் ஃபோன் பண்ணிக் கூப்பிடுவீங்க. ஷேர் பண்ணா அந்தப் பொய்யான பாக்கி மறையும், உண்மையிலேயே விட்டுப்போனவங்க மட்டும் லிஸ்ட்ல நிப்பாங்க, ஊழியர்கள் நேரம் அவங்களைத் தேடிப் போகும். எதிர்ப்பக்கமும் இருக்கு, போட்ட டோஸை எண்ணி மக்கள்தொகை மதிப்பீட்டால வகுக்குற பழைய முறைல கவரேஜ் 100 சதவீதத்தைத் தாண்டுறது சாதாரணம். மேல டோஸ் ரெண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும், இல்ல கீழ மக்கள்தொகை தப்பா இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வருஷா வருஷம் வெளியிடுற மதிப்பீட்டுல வெறும் நிர்வாகக் கணக்கை மட்டும் நம்பாம வீட்டு சர்வேயையும் சேத்துப் பாக்குறது இதனாலதான். ஆள் ஆளா பேர் போட்ட ரெக்கார்டு இருந்தா இந்தக் கூத்து நல்லாவே கொறையும்.

எல்லாரும் அனுப்பினாத்தான் பலன், அதையும் சொல்லணும். ஆஸ்திரேலியால 1996லயே குழந்தைகளுக்கான ரிஜிஸ்டர் ஆரம்பிச்சாங்க, 2016ல அதை எல்லா வயசுக்கும் ஆக்கினாங்க, அப்பவும் பெரியவங்க டோஸ் ஓட்டை ஓட்டையா இருந்துச்சு, 2021ல சட்டம் போட்டுத்தான் ஊசி போடுறவங்க எல்லாரும் பதியணும்னு கட்டாயமாக்கினாங்க. பாதிப் பேர் மட்டும் அனுப்புற ரிஜிஸ்ட்ரில "டோஸ் இல்ல"ன்னு வந்தா போடலையா அனுப்பலையான்னு யாரால சொல்ல முடியும்?

ரெட்டைப்புள்ள_அப்பா:

ரெட்டைப் புள்ளைங்கன்னு பாத்ததும் உள்ள வந்துட்டேன். எங்க வீட்டுலயும் இதே கூத்து நடந்துச்சு, ஒருத்தனுக்குப் போட்ட எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஊசி) ரெண்டு பேருக்கும் போட்டதா காட்டுது, இன்னொருத்தனுக்கு அன்னிக்குக் காய்ச்சல், போடவே இல்ல. கிளினிக்ல கேட்டா "நாங்க சரியாத்தான் அனுப்பினோம், ரிஜிஸ்ட்ரில கேளுங்க", ரிஜிஸ்ட்ரி ஹெல்ப்லைன்ல கேட்டா "கிளினிக்தான் திருத்தணும்". ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாங்க, அது வேற. கடைசில கையில இருந்த கார்டோட ஃபோட்டோவைக் காட்டி காட்டித்தான் காரியம் ஆச்சு. ஐயா பெரியவங்களே, பெத்தவங்க தப்புன்னு சொன்னா எங்க சொல்லணும், யாரு பாப்பாங்க, எத்தனை நாள்ல பதில் வரும்னு ஒரு வழி வையுங்க முதல்ல. உங்க மேட்சிங் மார்க்கை விட நாங்கதான் நல்லா சொல்லுவோம் எது எந்தப் புள்ளைன்னு. கார்டைத் தொலைச்சிடாதீங்கன்னும் எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்.

ஊசி_அக்கா:

அப்பா சொன்னதுக்கு நூறு லைக். காய்ச்சல்னு போடாம அனுப்பினதையும் பதியணும், "போடல, காரணம் இது"ன்னு. நெறைய பேர் அதை எழுதவே மாட்டாங்க, ஏற்கனவே ரெடி பண்ணி வெச்ச என்ட்ரி அப்படியே சேவ் ஆகிப் போயிடும். புள்ளை அழுதுக்கிட்டு வெளிய போனப்புறம் ஸ்க்ரீனைப் பாக்க யாருக்கு நேரம்.

இன்டர்ஃபேஸ்_மணி:

அக்கா சொன்னதுக்கு சிஸ்டம்ல எடம் இருக்கு, ஆர்எக்ஸ்ஏ 20ல முழுசாப் போட்டோமா, மறுத்துட்டாங்களா, போடலையான்னு சொல்லலாம், ஃபயர்ல ஸ்டேட்டஸ் நாட்-டன்.

ஃபைல் ப்ரோ, உங்க கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. வெளியிலேர்ந்து வர்றதை நேரா ஏத்தாதீங்க, ஆனா எல்லாத்தையும் மனுஷன் பாத்து ஓகே சொல்லணும்னும் வைக்காதீங்க, ரெண்டே மாசத்துல யாரும் பாக்காம மொத்தமா செலக்ட் ஆல் அடிச்சு ஓகே குடுப்பாங்க. நாங்க பண்றது, க்வெரிக்கு (ஒரு ஆளோட ஊசி விவரத்தை ரிஜிஸ்ட்ரிகிட்ட கேக்குறதுக்கு) ஒரே ஆளுதான்னு உறுதியா பதில் வந்து, டோஸ் 00ஆ இருந்து, தேதியும் கோடும் முழுசா இருந்து, நம்ம சார்ட்ல அதே வகை ஊசி பக்கத்துத் தேதில இல்லன்னா தானா ஏறும், கூடவே எங்கேர்ந்து வந்ததுன்னு டேக் ஒட்டிக்கிட்டு. மத்ததெல்லாம் ஓரமா நிக்கும், அந்த ஆளு அடுத்த தடவை ஊசிக்கு வரும்போது நர்ஸ் ஸ்க்ரீன்ல காட்டும். "இவரா இருக்கலாம்"னு நாலு பேர் லிஸ்ட் வந்தா அதுலேர்ந்து எதையும் தானா எடுக்கக் கூடாது, அது கட்டாயம். வெளியிலேர்ந்து வந்ததை நீங்க திரும்ப ரிஜிஸ்ட்ரிக்கே அனுப்பவும் கூடாது, அந்த டேக்கைப் பாத்து வெளிய போற பக்கம் ஃபில்டர் போடுங்க, இல்லன்னா சந்தேகப்_பிராணி சொன்ன மாதிரி எதிரொலி கெளம்பிடும்.

அப்பா மாதிரி கேஸ்ல திருத்தம் எப்படிப் போகுதுன்னு இப்பவே டெஸ்ட் பண்ணுங்க. தப்பான டோஸை உங்க சார்ட்ல மட்டும் அழிச்சா ரிஜிஸ்ட்ரில அப்படியே இருக்கும், அடுத்த க்வெரில திரும்பி வந்து உக்காந்துக்கும். ஆர்எக்ஸ்ஏ 21ல டின்னு போட்டு நீக்கச் சொல்லி அனுப்பணும், ஃபயர்னா ஸ்டேட்டஸை என்டர்ட்-இன்-எரர்னு மாத்தி அனுப்பணும். டெஸ்ட் சர்வர்ல ஒரு டோஸ் ஏத்துங்க, தேதியை மாத்துங்க, அப்புறம் டி அனுப்புங்க, க்வெரி போட்டு எத்தனை டோஸ் திரும்பி வருதுன்னு பாருங்க. தேதியை மாத்தினப்ப பழசை நீக்காம புதுசா ஒண்ணு சேத்துட்டு, அப்புறம் டி போனப்ப புதுசு மட்டும் போய் பழசு அங்கயே நிக்குதுன்னா, கோ-லைவ் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்க.